16 மாதமும் 13 வருஷமும்: மேற்கு சிட்னித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கொஞ்ச நாளைக்கு முன்னர் நம் அமைப்பு ஒன்றின் செயற்குழு ஒரு வீட்டில் கூடியது. எந்த அமைப்பு, யார் வீடு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வருடாந்த இராப்போசன விருந்தில் இளைஞர் சார்பில் யாரைப் பேச விடுவது என்று கதை வந்தது. நான் ஒரு பெடியனைச் சொன்னேன். 2012 கடைசியில் தாயோடு படகில் வந்து அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் இறங்கியவன். அப்போது அவனுக்கு 13 வயது, இப்போது 26. தமிழும் ஆங்கிலமும் அவனுக்கு நன்றாக வரும், மேடைக்கூச்சம் கிடையாது. வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, படகில வந்ததுகளை மேடையில ஏத்தினா எங்களையும் வரிசையைக் குழப்பி வந்தவை எண்டுதான் சனம் நினைக்கும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பேசவில்லை. அவருடைய தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரமட்டா மறைமாவட்ட ஆயரோடு குடும்பமாக நின்று எடுத்த படம். எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆயரும் சிரிக்கிறார்.

அந்த ஆயரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவருடைய பெயர் வின்சென்ட் லோங் வான் நுயென். 2016இலிருந்து மேற்கு சிட்னிக்கும் நீல மலைக்கும் அவர்தான் ஆயர். பென்டில் ஹில், டூங்காபி, வென்ட்வர்த்வில், வெஸ்ட்மீட் என்று நாம் இடியப்பமும் மீனும் வாங்கித் திரிகிற இடமெல்லாம் அவருடைய மறைமாவட்டத்துக்குள்தான் வருகின்றன. நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அவரைத் தெரியும். சைவர்களிலும் பலருக்கு ஏதாவது விழா மேடையில் பார்த்த முகம். ஆனால் அவர் எப்படி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

அவர் பிறந்தது 1961இல், தெற்கு வியட்நாமில், சாய்கோனுக்கு அப்பால் டொங்நாய்ப் பக்கம். பிறந்த ஊரே அகதிகளின் ஊர். 1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிரித்தபோது, கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போன வடக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் தெற்கே வந்தார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர். பங்குத்தந்தையோடு ஊர் ஊராகவே கிளம்பி வந்து, காட்டை வெட்டிக் குடியேறினார்கள். அவருடைய பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தான். மகன் சிறுவனாகவே குருவாகப் படிக்க இளங்குருமடத்துக்குப் போனான். 1975 ஏப்ரலில் சாய்கோனும் விழுந்தது. பிறகு குருமடத்தை மூடிவிட்டார்கள். இளைஞர்களைப் பிடித்துக் கம்போடியச் சண்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தாய் தகப்பன் ஒருமுறை ஓடி வந்து நின்ற இடத்திலிருந்து பிள்ளை மறுமுறை ஓட வேண்டியிருந்தது. நம் வீடுகளில் கலவரமும் இடம்பெயர்வும் நடந்த 58, 77, 83, 95 என்று ஆண்டைச் சொன்னால் போதும், கதை தானாக வரும். அவர்களுக்கு 54, 75.

1980இல், 18 வயதில், அவர் படகேறினார். மூன்றாம் நாள் எண்ணெய் முடிந்தது. சாப்பாடும் முடிந்தது, தண்ணீரும் முடிந்தது. ஏழாம் நாள், அரைச் சவமாகக் கிடந்தவர்களைக் கடல் தானாகவே இழுத்துக்கொண்டுபோய் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் பக்கத்தில் விட்டது. அங்கிருந்தவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள். அவரே பலமுறை பொதுவில் சொன்ன கதை இது.

நான் யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான குருநகரில் பிறந்தவன். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எஞ்சின் ஓடுகிறவரைக்கும் வள்ளம் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, அலைக்குக் கொடுத்துக்கொண்டு போகும். எஞ்சின் நின்றால் விலாவைத்தான் கொடுக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு பக்கம் சாயும், எழும்பும், மறுபக்கம் சாயும். படுத்திருப்பவன் உருளாமல் இருக்க எதையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாகமெடுத்தவன் கடல் தண்ணீரில் கைவைப்பான், பக்கத்தில் இருப்பவன் அவனுடைய கையைத் தட்டிவிட வேண்டும். நாலு நாள் இப்படி. அந்த நேரத்தில் எவனும் வரிசையைப் பற்றி யோசித்திருக்க மாட்டான்.

பிறகு மலேசியாவில் அகதி முகாம். 16 மாதம். அங்கே அவுஸ்திரேலிய அதிகாரிகள் வந்து பெயர் பதிந்து, விசாரித்து, ஆளை எடுத்தார்கள். 1981இல் மெல்பேர்ணில் இறங்கினார். வயது 19. ஆங்கிலம் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்னை மறிப்பீர்கள். "பார்த்தீர்களா, அவர் முகாமில் காத்திருந்துதானே வந்தார், வரிசையில் நின்றுதானே வந்தார்!" என்பீர்கள். சரி, கேட்க வேண்டிய கேள்விதான். ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

அன்றைக்கு உண்மையிலேயே ஒரு வரிசை இருந்தது. பிரதமர் மல்கம் பிரேசரின் அரசு அதை உண்டாக்கியது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையை முழுதாகக் கைவிட்டுப் பத்து வருஷம்கூட ஆகாத நாடு, தென்கிழக்கு ஆசிய முகாம்களுக்கு ஆள் அனுப்பிப் பத்தாயிரக்கணக்கானவர்களை விமானத்தில் கூட்டிவந்தது. எல்லாச் சனமும் மாலையோடு நிற்கவில்லை. 1976இல் முதல் படகு டார்வினுக்கு வந்தபோது அதில் ஐந்தே பேர்தான் இருந்தார்கள். அடுத்த வருஷமே டார்வின் துறைமுகத் தொழிலாளர்கள் வியட்நாமியருக்கு எதிராக வேலையை நிறுத்தினார்கள். 'வரிசை பாய்ந்தவர்கள்' என்ற ஏச்சு அப்போதே பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஆம், இப்போது நம்மவர் நம்மவரைப் பார்த்துச் சொல்கிற அதே சொல் முதலில் வியட்நாமியரின் முதுகில்தான் ஒட்டப்பட்டது.

2012இல் வன்னியிலிருந்தோ தமிழ்நாட்டு முகாமிலிருந்தோ புறப்பட்ட பெடியனுக்கு எந்த வரிசை இருந்தது? எனக்குக் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன். அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. தமிழ்நாட்டின் மண்டபம், கும்மிடிப்பூண்டி ஊர்களில் முப்பது வருஷத்துக்கு மேலாக முகாமில் இருப்பவர்களின் கதவை எந்த அவுஸ்திரேலிய அதிகாரியும் வந்து தட்டவில்லை. இந்தோனேசியாவில் ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கும் கடைசியில் என்ன நடந்தது? 2014 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு அங்கே பதிந்தவர்களை எடுப்பதில்லை என்று இந்த நாடு அறிவித்தது. வரிசையில் நின்றவனிடம் கவுண்டரையே மூடிவிட்டார்கள்.

நம் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். நான் விமானத்தில் வந்தவன். கொழும்பில் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கொடுத்து, விசிட்டர் விசாவில் இறங்கி, பிறகு அகதிக் கோரிக்கை போட்டவன். இந்த மடலை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் அதே வழியில் வந்தீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். என்னை ஒருவரும் வரிசை பாய்ந்தவன் என்று சொல்லவில்லை. விமானத்தில் சீட் நம்பர் இருக்கிறது, படகில் இல்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆயரின் கதைக்குத் திரும்புவோம். மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு வருஷத்தில், 1983இல், பிரான்சிஸ்கன் சபையின் ஒரு கிளையான கன்வென்சுவல் சபையில் சேர்ந்தார். தத்துவமும் இறையியலும் படித்து 1989 டிசம்பர் 30இல் குருவானார். உரோமைக்குப் போய் மேற்படிப்பு முடித்தார். பிறகு சிட்னியில் கெல்லிவில் பங்கு, மெல்பேர்ணில் ஸ்பிரிங்வேல் பங்கு. 2011இல் மெல்பேர்ணின் துணை ஆயர். வியட்நாமில் பிறந்து அவுஸ்திரேலியாவில் ஆயரான முதல் ஆள் அவர்தான்.

இதில் ஸ்பிரிங்வேலில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்திறங்கிய குடிவரவாளருக்கு அரசு நடத்திய விடுதி ஒன்று அங்கே இருந்தது. வியட்நாமியர், கம்போடியர், லாவோஸ்காரர் என்று பல குடும்பங்களுக்கு இந்த நாட்டில் முதல் கட்டில் அங்கேதான் கிடைத்தது. அந்தச் சனம் விடுதியை விட்டு வெளியே வந்து பக்கத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்துக் கடை போட்டு, ஸ்பிரிங்வேலையே ஒரு சின்ன சாய்கோன் ஆக்கிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பங்குத்தந்தைக்குப் பிரசங்கம் பாதி வேலைதான். மீதி, படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், பிள்ளை வழி தவறிப் போகிறது என்று அழுகிற தாய்மார், ஊரில் செத்தவனுக்கு இங்கே பூசை கேட்டு வருகிறவர்கள். நம் சுவாமிமாரைக் கேளுங்கள், அந்த மீதி எவ்வளவு என்று சொல்வார்கள்.

புதிதாக வந்தவனுக்கு இந்த நாட்டில் பலம் இல்லை என்பது அவருக்கு வேறொரு விதத்திலும் தெரியும். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு முன் 2017இல் சாட்சி சொன்னபோது, வந்த புதிதில், வளர்ந்த ஆளாக இருக்கையில், தானும் குருமாரால் பாதிக்கப்பட்டவன் என்று சொன்னார். சொந்தத் திருச்சபையைப் பற்றி ஓர் ஆயர் பொதுவில் அப்படிப் பேசுவது இலேசான காரியம் இல்லை. இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவரை நான் மாடத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தவில்லை. திருச்சபையையும் வெள்ளையடிக்கவில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு கதவு சரியான நேரத்தில் திறந்தது, அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அவருக்கு 16 மாதத்தில் பதில் கிடைத்தது. நான் சொன்ன பெடியனுக்கு 13 வருஷம் ஆகியும் கிடைக்கவில்லை.

2012 ஆகஸ்டு 13 அல்லது அதற்குப் பிறகு படகில் வந்தவர்களை ஒரு தனிச் சட்டத்துக்குள் போட்டார்கள். அதற்கு 'விரைவுப் பாதை' என்று பெயர் வேறு. விண்ணப்பம் போடவே வருஷக்கணக்கில் விடவில்லை. நிராகரித்தால் மேன்முறையீடு பெரும்பாலும் காகிதத்தில்தான் நடந்தது. ஆளைக் கூப்பிட்டுக் கேட்டது அபூர்வம், புதிய ஆதாரம் காட்டுவதும் கஷ்டமாக இருந்தது. இது நியாயமில்லாத முறை என்று லேபர் கட்சியே சொன்னது. ஆட்சிக்கு வந்த பிறகு 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே பிழையான முறையில் நிராகரிக்கப்பட்டவர்கள் பல ஆயிரம் பேர் வெளியே நின்றுவிட்டார்கள். நம் பெடியனும் அவனுடைய தாயும் அந்தக் கூட்டத்தில்.

பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வரும்வரை தங்க விடுகிற தற்காலிக விசா, என்றால் என்னவென்று மேடைகளில் பேசுகிறவர்களுக்கு முழுக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். அவனுடைய ஃபோனில் ஒரு தேதி குறித்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அதற்கு மூன்று கிழமைக்கு முன்பே தாய் இரவில் நித்திரை கொள்ள மாட்டார். புது விசா மின்னஞ்சலில் வந்தால் முதலில் பார்ப்பது வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதை. ஒரு தடவை இல்லாமல் வந்தது. வேலைக்களத்துக்குப் போய், "அடுத்த கிழமை வர ஏலாது" என்று சொல்லிவிட்டு வந்தான். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போகிற அளவுக்குப் புள்ளி எடுத்தவன் அவன். ஆனால் உள்ளூர் மாணவன் கட்டணம் அவனுக்கு இல்லை, வெளிநாட்டு மாணவன் கட்டணம்தான். பெயின்ட் அடிக்கப் போனான். இப்போது நம்மில் பாதிப் பேரின் வீட்டுச் சுவர் அவன் அடித்ததுதான். ஆயரோடு எடுத்த படம் தொங்குகிற அந்தச் சுவரும்.

1981இல் வந்திறங்கிய அந்த 19 வயதுப் பெடியனுக்கு நாம் இவனுக்குக் கொடுத்த கடதாசியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குருமடப் படிப்பு இல்லை, உரோமை இல்லை, ஸ்பிரிங்வேலும் இல்லை. அறுபது கடந்த ஒரு பெயின்டர் இருந்திருப்பார். பெயின்டர் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் படத்தில் அவர் நின்றிருக்க மாட்டார்.

ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் நோபிள் பார்க். 2024 ஆகஸ்டு கடைசியில் அங்கேதான் நம் பிள்ளை ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது 23. சிறுவனாகப் படகில் வந்து, வளர்ந்ததெல்லாம் பிரிட்ஜிங் விசாவில். நிரந்தர விசா கேட்ட போராட்டப் பந்தலிலும் அவன் இருந்தவன். அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் கண்ணீர் வடிகிற பொம்மைகள் நிறைய வந்தன. அடுத்த வாரம் நவராத்திரிக்கு நிகழ்ச்சி நிரல் வந்தது.

எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று சொல்லவில்லை. 2023இல் தமிழ்ப் பெண்களும் ஈரானியப் பெண்களுமாக 22 பேர் மெல்பேர்ணிலிருந்து கான்பராவுக்கு 640 கிலோமீட்டர் நடந்தார்கள். அதே வருஷம் பல்லாரட்டிலிருந்து சிட்னி வரை 1,000 கிலோமீட்டர் நடந்த தமிழ்க் குடும்பத் தலைவர் ஒருவருக்கு, நடை முடிவதற்குள் விசா கிடைத்தது. பிலோயெலா என்ற ஊரில் வாழ்ந்த தமிழ் அகதிக் குடும்பத்துக்கு 2022இல் நிரந்தர விசா கிடைத்ததென்றால், அதற்குப் பெரும் காரணம் அந்தக் குவீன்ஸ்லாந்து ஊர்ச் சனம். இறைச்சித் தொழிற்சாலையும் பருத்தித் தோட்டமும் உள்ள ஊர். அவர்கள் "இது எங்கட குடும்பம்" என்றார்கள். நம்மவர் "படகில வந்ததுகள்" என்கிறார்கள்.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நம் கத்தோலிக்கருக்கு மடு மாதா எப்படியோ, வியட்நாமியருக்கு லாவாங் மாதா அப்படி. 1798இல் அரசன் கிறிஸ்தவர்களை விரட்டியபோது காட்டுக்குள் ஒளிந்த சனத்துக்குக் காட்சி கொடுத்தாள் என்பது அவர்களின் நம்பிக்கை. மடு மாதாவும் ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டுக்குள் சுருவத்தை, அதாவது மாதா சிலையை, தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் மாதா. 1990களில் அதே மடு வளவில் தரப்பாள் கூடாரத்தில் இருந்தவர்களில் என் அக்காவின் குடும்பமும் ஒன்று. 2008இல் சண்டை நெருங்கியபோது சுருவமே இடம்பெயர வேண்டியிருந்தது. ஓடி ஒளிந்தவர்களின் தாய்க்கு ஆவணியில் கொடி ஏற்றி, சிட்னியிலும் செபமாலை சொல்லிவிட்டு, ஓடி வந்தவனுக்கு மேடையில் இடமில்லை என்று சொல்கிறோம்.

ஆயர் நம்மைப்போல் வாய்மூடி இருக்கவில்லை. ஆயர் பேரவையில் குடிவரவாளருக்கும் அகதிகளுக்கும் பொறுப்பாக இருந்தவர். படகுகளைத் திருப்புவதையும், ஆட்களைத் தீவுகளில் அடைப்பதையும் பொதுவில் கண்டித்துக்கொண்டே வருகிறார். அதற்காக அவருக்கு ஏச்சும் கிடைக்கிறது. அவருடைய விருதுவாக்கு லூக்கா நற்செய்தியிலிருந்து எடுத்தது: ஆழத்துக்குப் போ. படகில் செத்துப் பிழைத்தவன் அந்த வசனத்தைத் தேடி எடுத்திருக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் குருநகர்க்காரனான எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவர் படகேறிய அதே 1980இல்தான், வியட்நாம் படகுச் சனத்தின் நிலை கண்டு, இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே அகதிகளுக்கான சேவை அமைப்பைத் தொடங்கினார். அருப்பேயின் பெயரில் ஓர் இடம் இன்றைக்கு மேற்கு சிட்னியில் இயங்குகிறது. போய்ப் பாருங்கள். அரிசியும் பருப்பும் வாங்க வருகிறவர்களில் தமிழ்க் குரலும் கேட்கும். அங்கே பரிமாறுகிறவர்களில் பலர் நம்மவர் இல்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். விருந்தில் அந்தப் பெடியனைப் பேச விடுங்கள். இரக்கத்துக்காக வேண்டாம், நன்றாகப் பேசுவான் என்பதற்காக விடுங்கள். ஒவ்வொரு செயற்குழுவும் தன் கடிதத் தாளில், தன் தலைவரின் கையெழுத்தோடு, தன் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்: விரைவுப் பாதையில் நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் நிரந்தர விசா கொடுங்கள் என்று. தனி ஆள் எழுதினால் குப்பைத்தொட்டி, முன்னூறு குடும்பம் உள்ள சங்கம் எழுதினால் வாக்குக் கணக்கு. அது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான், கோயிலுக்குக் கார்த் தரிப்பிடம் கேட்கும்போது அப்படித்தானே எழுதினோம். விருந்தில் சேர்கிற காசில் ஒரு பங்கை, பிரிட்ஜிங் விசாவில் இருக்கும் பிள்ளை ஒன்றின் படிப்புக்கு ஒதுக்க முடியுமா என்றும் பாருங்கள். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டுகிறோம், நல்லது. மண்டபத்துக்குள் இருக்க வேண்டிய பிள்ளை பென்டில் ஹில்லில் பெயின்ட் வாளியோடு நிற்கிறான்.

கடிதத்தின் வரைவை எல்லாச் செயலாளர்களுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம்தான். உங்கள் சங்கத்தின் பெயர் வர வேண்டிய இடத்தைக் கோடு போட்டு விட்டிருக்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. அவர் என்னோடு கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்தாலும் சரி, படத்தை மட்டும் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
குருநகரில் பிறந்து டூங்காபியில் வாழும்
உங்களில் ஒருவன்